பழைய கேம் பெட்டி, புதிய டிவி: படம் தெளிய என்ன வழி?

பத்தாங் காலி – வட சிலாங்கூர் தோட்டங்களிலும் சிறுநகரங்களிலும் 90-ஆம் ஆண்டுகளில் வளர்ந்தவர்களுக்கு ‘மைக்ரோ ஜீனியஸ்’ கருவியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஜப்பானின் நிண்டெண்டோ 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பார்த்துத் தைவான் நிறுவனம் ஒன்று தயாரித்த பெட்டி அது. பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று அதை எடுத்து இன்றைய தட்டை டிவியில் பொருத்தினால், பலருக்கு மங்கிய படமே கிடைக்கிறது. சிலருக்கு அதுவும் இல்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடும் முன், படம் எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்ப்பது நல்லது.

படம் வரும் வழிகள்

ஆண்டெனா வயர்: படத்தையும் ஒலியையும் ஒரே அலையில் ஏற்றி அனுப்பும், டிவி அதை ஒரு சேனலாகப் பிடிக்கும். தரம் மிகக் குறைவு. மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019-இல் நிறுத்தப்பட்டது. அனலாக் சேனல் தேடும் வசதி உள்ள டிவியில் மட்டுமே இது தெரியும். ஜப்பானிய ஃபேமிகாமின் சேனல் அலைவரிசை வேறு என்பதால் இங்குள்ள டிவியில் பிடிபடாமலும் போகலாம்.

மஞ்சள் முனை: வெளிச்சமும் நிறமும் ஒரே வயரில் வருவதால் எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசியும்.

ஆர்ஜிபி: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக வரும். பழைய கருவிகளில் மிகத் தெளிவான படம் இதில்தான்.

எதை மாற்றுகிறார்கள்?

ஃபேமிகாமின் படச் சில்லு உருவாக்குவது மஞ்சள் முனைக்குரிய சமிக்ஞைதான். அது ஆண்டெனா பெட்டிக்குள் போகும் முன்பே பிடித்து, டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஆகியவற்றால் வலுவூட்டி வெளியே எடுப்பதே எளிய மாற்றம். ஆர்ஜிபி வேண்டுமென்றால், சில்லைக் கழற்றி ‘என்இஎஸ்ஆர்ஜிபி’ போன்ற கூடுதல் பலகையில் பொருத்த வேண்டும். இது அனுபவசாலியின் வேலை. எல்லாச் சில்லுகளையும் ஒரே கரும்பொட்டாக அடைத்த மலிவு நகல் பெட்டிகளில் அதற்கு இடமில்லை.

எல்லாக் கருவிக்கும் இந்த வேலை தேவையில்லை. சேகா மெகா டிரைவில் ஆர்ஜிபி முதலிலிருந்தே உண்டு. பிளேஸ்டேஷன் 2-க்குச் சிவப்பு, பச்சை, நீல முனைகள் கொண்ட கம்போனண்ட் வயர் போதும். இவற்றைத் திறந்து பற்றவைப்பது வீண் செலவு.

டிவி செய்யும் தவறு

பழைய கருவிகளில் பல, 240 வரிகள் கொண்ட முழுப்படத்தை அனுப்புகின்றன. புதிய டிவிகள் பல அதை 480 வரிகளின் பாதி என்று எண்ணி ஒட்டவைக்க முயல்கின்றன. படம் மங்குவதோடு, பொத்தானை அழுத்திய சற்று நேரம் கழித்தே மரியோ குதிப்பார். மலிவான எச்டிஎம்ஐ மாற்றிகள் பலவும் இதே தவறைச் செய்கின்றன. ‘ஓஎஸ்எஸ்சி’, ‘ரெட்ரோடிங்க்’ போன்ற மாற்றிகள் 240 வரிகளைச் சரியாக அடையாளம் கண்டு பெருக்குவதால் தாமதம் மிகக் குறைவு. பழைய பெட்டி டிவி வீட்டில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

கவனிக்க வேண்டியவை

ஜப்பானிய ஃபேமிகாமின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் நாட்டின் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவோடு, நடு முனை நெகட்டிவா என்பதையும் பார்க்க வேண்டும். ஃபேமிகாமுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். பழைய பெட்டி டிவியின் பின்மூடியைத் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

முதலில் சரியான வயர், அடுத்து நல்ல மாற்றி, கடைசியில்தான் பற்றவைப்பு. கடையில் கொடுப்பதானால், வெளிக்கூட்டை அறுக்காமலும் பழைய ஆண்டெனா பாகத்தை வீசாமலும் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அறுத்த கூட்டை மீண்டும் ஒட்ட முடியாது.