மொட்டை மாடி சோலார் மட்டும் போதுமா? ஒரு லேப் 'கார்பன் நியூட்ரல்' ஆகணும்னா என்னவெல்லாம் வேணும்?

நந்தனம் சிக்னல்ல பஸ் நிற்கும்போது அண்ணாந்து பார்த்திருப்பீங்க. 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட சென்னை மெட்ரோ ரயில் தலைமை அலுவலகம், 12 மாடி. அதே உயரத்தில் பக்கத்திலேயே இன்னொரு கட்டடம் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாதி ஆராய்ச்சிக்கூடம், பாதி ஆபீஸ். கார்பன் நியூட்ரலாக இருக்கணும். உங்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் முதலில் என்ன செய்வீங்க?

"மாடி முழுக்க சோலார் பேனல் போட்டுடலாம்." எல்லாரும் சொல்ற பதில் இதுதான். கணக்கு போட்டுப் பார்ப்போம். 1 கிலோவாட் பேனலுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி இடம் வேணும். சென்னை வெயிலில் அது நாளுக்குச் சராசரியா 4 யூனிட் தரும். 10,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் 400 யூனிட். 12 மாடிக்குப் பங்கு போட்டால், ஒரு மாடிக்கு 33 யூனிட்தான். 1.5 டன் ஏ.சி ரெண்டை நாள் முழுக்க ஓட்டினாலே தீர்ந்துடும். ஒரு மாடி முழுக்க ரெண்டே ஏ.சி!

உயரம் கூடக் கூட இந்தக் கணக்கு நம்மைக் கைவிடும். டெல்லியில் 2014-ல் திறந்த இந்திரா பர்யாவரண் பவன் (மத்திய சுற்றுச்சூழல் அமைச்சக அலுவலகம்) இந்தச் சிக்கலை ஒரு மாதிரி சமாளித்தது. கூரை விளிம்பைத் தாண்டி, நிழற்பந்தல் மாதிரி பேனல்களை வெளியே நீட்டிவிட்டார்கள். மொத்தம் 930 கிலோவாட். ஆனால் அந்தக் கட்டடத்தின் உண்மையான சாமர்த்தியம் பேனல் இல்லை. முதலில் மின்தேவையைக் குறைத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் சோலாரைக் கேட்டார்கள். வரிசை மாறினால் செலவுதான் மிஞ்சும்.

வில்லன் காற்றுதான்

அது ஆபீஸ். லேப் வேற கதை. ஆபீஸில் குளிர்ந்த காற்றையே பெரும்பாலும் திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம். ரசாயன லேபில் அது ஆபத்து. அறைக் காற்று மொத்தத்தையும் மணிக்கு 6 முதல் 12 தடவை வரை மாற்றணும். அதாவது, காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றை அப்படியே வெளியே தள்ளிட்டு, சென்னையின் 38 டிகிரி காற்றைப் புதுசா உள்ளே இழுத்து மறுபடி குளிரவைக்கணும். ராத்திரி யாருமே இல்லாதபோதும் இது ஓடிட்டே இருக்கும்.

அதனால டிசைனின் முதல் கோடு இதுதான்: லேபையும் ஆபீஸையும் கலக்காதீங்க. மைக்ரோஸ்கோப் வைக்கிற இடம், ரிப்போர்ட் எழுதுற டேபிள், மீட்டிங் ரூம் எல்லாம் லேபுக்கு வெளியே வரட்டும். லேப் காற்று தேவைப்படுற சதுர அடி குறைந்தாலே பில் பாதி இறங்கின மாதிரி. வெளியே போகிற குளிர்ந்த காற்றிடமிருந்து குளிர்ச்சியை மட்டும் பிடுங்கி, உள்ளே வருகிற காற்றுக்குக் கொடுக்கிற தண்ணீர்க் குழாய்ச் சுற்றும் உண்டு. ரெண்டு காற்றும் தொட்டுக்கொள்ளாது என்பதால் லேபுக்குப் பொருந்தும். மேற்குச் சுவரில் கண்ணாடி வேண்டாம். லிஃப்ட், மாடிப்படி, டாய்லெட்டை அந்தப் பக்கம் தள்ளுங்க.

குளிர்விக்கிற முறையையும் மாற்றலாம். இன்ஃபோசிஸ், ஹைதராபாத்தில் ஒரே கட்டடத்தின் ஒரு பாதியில் வழக்கமான ஏ.சி, மறுபாதியில் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீர் ஓடும் முறை என்று வைத்துப் பார்த்தது. குழாய்ப் பாதி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவான மின்சாரத்தில் ஓடியது. அப்படியே காப்பி அடிச்சு நந்தனத்தில் போட்டால்? ஐஸ் வாட்டர் பாட்டில் வேர்க்கிற மாதிரி கூரை வேர்க்கும்! நம்ம ஊர்க் காற்றில் ஈரம் அவ்வளவு. இங்கே காற்றை முதலில் உலர்த்தணும், அப்புறம்தான் குளிர்ந்த குழாய்.

நந்தனத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், தரமணியில் இருக்கிற ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் இன்னொரு வழியைக் கையாள்கிறார்கள். மின்சாரத்துக்குப் பதிலா குளிர்ச்சியைச் சேமிக்கிறது. மின்சாரம் தாராளமா கிடைக்கிற நேரத்தில் தண்ணீரைக் குளிரவைத்துத் தொட்டியில் வைத்துக்கொண்டு, தேவை ஏறும்போது அதை ஏ.சி-க்கு எடுப்பார்கள். பேட்டரியை விட மலிவு. எனக்கு இதில் பிடித்ததே, நம்ம பாட்டி பானைத் தண்ணி லாஜிக்தான் என்பது. மாடி சோலார் போதாத மிச்சத்துக்கு, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளிலிருந்து மின்சாரம் வாங்குவது நேர்மையான வழி. வெறும் சான்றிதழ் வாங்கி ரிசப்ஷனில் மாட்டுவது வேறு விஷயம்.

உள்ளே இருக்கிறவங்க கையில

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்று நாளுக்கு 15 யூனிட் சாப்பிடும் என்று வைத்தால், வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்குத் தர்ற இலவச 100 யூனிட்டை ஒரே வாரத்தில் முடிச்சிடும். பல மாதிரிகளுக்கு மைனஸ் 70 போதும் என்று பல பல்கலைக்கழகங்கள் மாறிட்டிருக்கு. நச்சுப்புகையை உறிஞ்சுற ஃபியூம் ஹூட்டின் கண்ணாடிக் கதவை வேலை முடிந்ததும் இறக்குறதும் அப்படித்தான். இதுக்கே ஹார்வர்டு வேதியியல் துறையில் லேபுகளுக்கு நடுவே போட்டி வைத்தார்கள்.

இன்னும் ஒரு பாக்கி இருக்கு: சிமென்ட், இரும்பு. கட்டடம் திறக்கும் முன்னாடியே இவற்றின் கார்பன் காற்றில் கலந்திருக்கும். இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் இதற்காகவே மரத்தால் ஒரு கார்பன் நியூட்ரல் லேப் கட்டினார்கள். 2014-ல் பாதி கட்டும்போதே எரிந்துபோச்சு. விடாமல் மறுபடி மரத்திலேயே கட்டி 2017-ல் திறந்தார்கள். கட்டிய கடனை 25 வருஷத்தில் அடைக்கிற கணக்கு அது. நமக்கு மரம் கட்டுப்படியாகாது. ஆனால் சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்.சி.3 சிமென்ட் இருக்கு. வழக்கமான சிமென்ட்டைவிட 30 முதல் 40 சதவிகிதம் வரை கார்பன் குறைவு. அதன் ஆராய்ச்சியில் பங்கெடுத்த இடங்களில் ஒன்று, நந்தனத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஐ.ஐ.டி. மெட்ராஸ்.