முழம் என்னும் அளவு

கைவினைகளின் வரலாற்றை எழுத முற்படுவோருக்குப் பொருள்களே முதற்சான்று. தச்சர் செய்த தேர் நிற்கிறது. வார்ப்பவர் செய்த செப்புத் திருமேனி நிற்கிறது. பூத்தொடுப்பவரின் வேலையோ காலையில் முடிந்து மறுநாளைக்குள் வாடிவிடுகிறது. ஆகவே இக்கலையின் வரலாற்றை நாம் சொற்களில்தான் தேட வேண்டியிருக்கிறது. தேடினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. தமிழ்க் கவிதை தன் கட்டுமானத்தைப் பற்றிப் பேசும்போது பூத்தொடுப்பவரின் மொழியையே கடன் வாங்குகிறது.

எதுகை, மோனை முதலியவற்றை யாப்பிலக்கணம் ‘தொடை’ என்கிறது, தொடுக்கப்படுவது தொடை. இரண்டிரண்டு பூவாக வைத்துக் கட்டுவது கண்ணி. தாயுமானவர் இரண்டிரண்டு அடியாகப் பாடியதும் கண்ணிதான். கோவை, மாலை என்பன சிற்றிலக்கிய வகைகளின் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. இத்தனை சொற்களைக் கொடுத்தவரைப் பற்றி நம் இலக்கியம் என்ன சொல்லியிருக்கிறது?

பழைய பாடல்கள் பூவைச் சொல்கின்றன, சூடியவரைச் சொல்கின்றன. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை எனப் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தொல்காப்பியம் ஒரு பூவின் பெயரை வைக்கிறது. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. மதுரைக்காஞ்சியின் தெருக்களில் பூ விற்போரும் உண்டு. ஆனால் அந்த மாலைகளைக் கட்டிய விரல்கள் அரிதாகவே கண்ணில் படுகின்றன.

அரிதாகப் படும் இடங்களில் ஒன்று மணிமேகலை. கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்ட மணிமேகலையின் கண்ணீர், அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் விழுகிறது. மாலையின் தூய்மை கெட்டது, புதுப்பூ கொய்து வா என்கிறாள் மாதவி. உவவனத்துக்கு அவள் புறப்படுவதிலிருந்து காப்பியம் நகரத் தொடங்குகிறது.

தொழிலைத் தொழிலாகவே பார்த்து எழுதியவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். திருப்புகலூர் முருக நாயனார், அப்பரும் சம்பந்தரும் வாழ்ந்த 7ஆம் நூற்றாண்டினர். பெரியபுராணத்தில் அவர் விடியுமுன் எழுந்து நீராடுகிறார். கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்னும் நால்வகையையும் மலரும் பருவத்தில் பறித்து வேறு வேறு கூடைகளில் இடுகிறார். பிறகு தனியிடத்தில் அமர்கிறார். கோத்தால் கோவை, சுருக்கிக் கட்டினால் இண்டை, தண்டில் கட்டினால் கண்ணி, காம்போடு காம்பு பிணைத்தால் பிணையல் என வகைகள் பிரிகின்றன. இப்பெயர்களை நாம் இன்று பொருள் வேறுபாடின்றி ‘மாலை’ என்று கடந்துவிடுகிறோம். சேக்கிழாருக்கு அவை வெவ்வேறு செய்முறைகள்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கு விட்ட நிலமும், செங்கழுநீர் ஓடைகளும், ‘திருப்பள்ளித்தாமம்’ என்ற பெயரில் இறைவனுக்கான மாலையும் வருகின்றன. பூத்தொடுப்பது அங்கே ஊதியம் பெறும் பணி.

அப்பணியின் நுட்பம் இன்றும் தெருவோரத்தில் நம் கண்முன் நிகழ்கிறது. நனைத்த வாழைநார், ஊசி இல்லை. இரண்டு மொட்டு ஒரு புறம், இரண்டு மொட்டு எதிர்ப்புறம். நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் முடிச்சு. இறுக்கினால் காம்பு அறும். தளர்த்தினால் பூ உதிரும். அதிகாலையில் பறித்த மல்லிகை மாலையில்தான் விரியும். ஆகவே கைக்கு வரும் மொட்டை மட்டும் பார்த்துத் தொடுத்தால் போதாது. விரியப்போகும் பூவுக்கும் இடம் விட வேண்டும். இத்தனையும் பேச்சுக்கு நடுவே, பெரும்பாலும் விரல்களைப் பார்க்காமலே நடக்கிறது.

சந்தையில் உதிரிப்பூவுக்குக் கிலோ கணக்கு. தொடுத்த பூவுக்கு முழக் கணக்கு. தராசிலிருந்து முழங்கைக்கு மாறும் அந்த இடத்தில்தான் தொடுத்தவரின் கூலி இருக்கிறது. பேரம் பேசும்போது நாம் குறைப்பது பூவின் விலையை அன்று. பெரும்பாலும் அந்தக் கையின் விலையை.

2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பூவுக்குக் கிடைத்த மதிப்பு. 2025இல் குமரி மாவட்டத்துத் தோவாளை மாணிக்கமாலைக்கும் அது கிடைத்தது. அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துப் பாய்போல் பட்டையாகப் பின்னுவது அந்த மாலை. அங்கே மதிப்புப் பெற்றது பூ அன்று, தொடுக்கும் முறை. தொடை என்ற சொல்லை வாங்கிக்கொண்ட மொழி, கொடுத்தவருக்குச் செலுத்த வேண்டிய கடனில் ஒரு சிறு பகுதி அன்று கழிந்தது என்றே நாம் எண்ணுகிறோம். மீதியை முழத்துக்கு முழம்தான் செலுத்த வேண்டும்.