ஏட்டில் உறங்கிய இசை

ஓர் இனிய பாடலை முதன்முறையாகக் கேட்டு மகிழ்ந்த ரசிகன் அம்மகிழ்ச்சியைத் தன் உள்ளத்திலேயே பூட்டி வைத்திருக்க வல்லவன் அல்லன். வீட்டாரிடம் பாடிக் காட்டுவான். குரல் இசையாவிடில், அதன் ராகத்தையேனும் நண்பரிடம் சொல்லி, அவரும் அதனைக் கேட்குமாறு செய்த பின்னரே அமைதி கொள்வான். தாயகத்தை விட்டு அயல் மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இது புதிய செய்தி அன்று. மாட்டுங்காவிலும் கரோல்பாகிலும் தமிழர் குடியேறிய பின், பஜனை கோஷ்டிகளும் சங்கீத சபைகளும் அவர்களைத் தொடர்ந்து சென்றன. ஊர் மாறினும் பாட்டு மாறலாகாது என்பது நம்மவர் எண்ணம் போலும்.

ஆயினும், ஒரு பாடல் எவ்வாறு மறைகிறது, மறைந்தது எவ்வாறு மீண்டும் கண்டெடுக்கப்படுகிறது, கண்டெடுத்தவர் அதனைப் பிறர்க்கு எவ்வாறு வழங்குகின்றனர் என்பவற்றை நாம் ஆராய்ந்து பார்ப்பது அரிது. அவ்வாராய்ச்சிக்குத் தக்க ஊர் திருவனந்தபுரம். மலையாள நாட்டின் தலைநகராகிய அவ்வூரின் இசை வரலாற்றைப் புரட்டினால், பக்கந்தோறும் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் பெயர்கள் காணப்படும். கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள அக்கிரகாரங்கள் அத்தொடர்புக்கு இன்றும் சான்று.

இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் சுவாதித் திருநாள் மன்னர். 1813ஆம் ஆண்டு பிறந்து, 1829இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, 1846இல் முப்பத்து மூன்று வயதிலேயே மறைந்தவர். அக்குறுகிய வாழ்நாளில் சமஸ்கிருதம், மணிப்பிரவாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் சுமார் 400 உருப்படிகளை அவர் இயற்றியதாகக் கூறுவர். அவருடைய சபை பல நாட்டு வித்துவான்களின் சந்திப்பாக விளங்கிற்று. தியாகராஜ சுவாமிகளின் சீடர் கன்னையா பாகவதர் அங்கே இருந்தார். பாலக்காட்டு நூரணியைச் சேர்ந்த பரமேசுவர பாகவதர் இருந்தார். முத்துசுவாமி தீட்சிதரிடம் பயின்ற தஞ்சை நால்வராகிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் தஞ்சையை விட்டு அச்சபையை நாடி வந்தனர். அவர்களுள் இளையவரான வடிவேலுவின் பிடில் வாசிப்பில் மகிழ்ந்த மன்னர், 1834இல் யானைத் தந்தத்தாலான பிடில் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். மேனாட்டிலிருந்து வந்த வாத்தியம், தஞ்சைக் கலைஞரின் கையில், அனந்தபுரத்து மன்னரின் பரிசாக அமைந்ததை எண்ணிப் பார்த்தால், இசைக்கு எல்லைக்கல் நாட்டுவது எத்துணை வீண் முயற்சி என்பது விளங்கும்.

இவ்வளவு செழித்த சபையின் பாடல்கள் மன்னர் மறைந்த பின் என்ன ஆயின? ஆதரவு குன்றியது, வித்துவான்கள் பலர் சிதறினர். சாகித்தியங்கள் ஏடுகளில் தங்கின. அவற்றின் வர்ணமெட்டுகளோ பாடுவார் இன்மையால் ஒவ்வொன்றாய் மங்கின. நம் இசை மரபில் பாடலின் சொல்லை எழுதி வைப்பது எளிது. அதன் கமகத்தையும் நெளிவு சுளிவையும் எழுத்தில் அடக்குவது அரிது. குருவின் நாவிலிருந்து சீடனின் செவிக்குச் செல்லும் பாடாந்தரம் ஒரு தலைமுறை அறுந்தாலும், எஞ்சுவது சொற்களே.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க பாடல் ஒன்று அதே அரண்மனையில் பிறந்தது. குழந்தை சுவாதித் திருநாளைத் தொட்டிலில் உறங்க வைப்பதற்கென்று இரயிம்மன் தம்பி என்ற புலவர் ஒரு தாலாட்டு இயற்றினார். அத்தாலாட்டை எவரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை ஏற்படவில்லை. அரண்மனைத் தொட்டிலிலிருந்து இறங்கி, மலையாள நாட்டின் வீடுகளிலெல்லாம் அது புகுந்தது. இன்றும் தாய்மார் பாடுகின்றனர். தொட்டிலில் கேட்ட குழந்தை வளர்ந்து மன்னனாகி இயற்றிய கீர்த்தனங்கள் பல மெட்டிழந்து நிற்க, அக்குழந்தைக்குப் பாடிய பாட்டு மட்டும் நிலைத்தது ஏன்? முன்னவை சபையில் இருந்தன. பின்னது எல்லார் வாயிலும் இருந்தது. பாடலைக் காப்பது பகிர்தலே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும் மன்னரின் பாடல்கள் யாவும் அழிந்தன என்று கொள்வதும் தவறு. வழிபாட்டோடு பிணைந்தவை பிழைத்தன. நவராத்திரியின் ஒன்பது மாலைகளில் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது கீர்த்தனங்கள் பாடப்படுவது நெடுங்கால வழக்கம். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பின் சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி என்று ராகங்களும் வரையறுக்கப்பட்டுள்ளன. கச்சேரிக்கு முன் தோடயமங்களம் பாடும் உரிமை முல்லமூடு பாகவதர்கள் என்னும் பரம்பரையினருக்கு உரியது. அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. அது கச்சேரி மேடையன்று, வழிபாட்டு இடம் என்பதே காரணம்.

இந்த நவராத்திரிக்குத் தமிழகத்தோடு உள்ள உறவு வியப்புக்குரியது. பத்மநாபபுரத்துச் சரசுவதி, வேளிமலைக் குமாரகோயில் முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் ஆண்டுதோறும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றனர். அச்சரசுவதி கம்பர் பூசித்த வடிவம் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. மூன்று கோயில்களும் ஒரு மாநிலத்தில்; பாட்டு மண்டபம் மறு மாநிலத்தில். எனினும் ஊர்வலம் நிற்கவில்லை. களியக்காவிளையைக் கடந்து கலைமகள் இன்றும் செல்கிறாள். பாட்டைக் கேட்டுத் திரும்புகிறாள்.

இனி, மறைந்தவற்றை மீட்ட வரலாறு. 1916இல் சிதம்பர வாத்தியார் என்பவர் மன்னரின் கீர்த்தனங்களைத் திரட்டி நூலாகப் பதிப்பித்தார். சொற்கள் அச்சேறின, மெட்டுகளோ போதிய அளவில் கிடைக்கவில்லை. 1930களில் அன்னை மகாராணி சேது பார்வதி பாயின் ஊக்கத்தால், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இப்பணியை மேற்கொண்டார். 1939இல் மன்னர் சித்திரைத் திருநாள் சங்கீதக் கல்லூரியை நிறுவியபோது அதன் முதல் தலைவரும் அவரே. அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற செம்மங்குடி சீனிவாச ஐயர், 1963 வரை அங்கே பணிபுரிந்து, பல உருப்படிகளைச் செப்பனிட்டுச் சீடர்களுக்குக் கற்பித்தார்; தாமும் மேடைதோறும் பாடினார். 1962இல் அக்கல்லூரி மன்னரின் பெயரையே தாங்கியது. நெல்லைச் சீமையிலிருந்து ஒருவரும் தஞ்சைச் சீமையிலிருந்து ஒருவரும் சென்று, மலையாள மன்னரின் செல்வத்தைத் தென்னாடு முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்தனர்.

இங்கே ஒன்றை மறைக்காது கூறுதல் வேண்டும். நாம் இன்று மேடைகளில் கேட்டு இன்புறும் மெட்டுகள் பல, மன்னர் காலத்தவை அல்ல. இந்த இரு பெரியார்களும் அமைத்துக் கொடுத்தவை. இராமாயணம் முழுவதையும் சுருக்கித் தரும் ‘பாவயாமி ரகுராமம்’ முதலில் சாவேரி ராகத்தில் அமைந்திருந்தது. அதனை ராகமாலிகையாக மாற்றியவர் செம்மங்குடியார், எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் குரலில் அது நாடெங்கும் பரவிற்று. 1980களில் வீணை எஸ். பாலசந்தர் இப்பாடல்களை மன்னரே இயற்றினாரா என்று வினா எழுப்பினார். அறிஞர் பலர் மறுத்துரைத்தனர். பூசல் நெடுநாள் நடந்தது. நமது கருத்து இது: பழைய கோயில் தூணைப் புதுக்கியவர், புதுக்கியது இன்ன பகுதி என்று கல்வெட்டிலேயே குறித்துவிட்டால் கோயிலின் பெருமை குறையாது, குறிக்காமல் விட்டால்தான் பின்வருவோர்க்கு ஐயம் பிறக்கும். இசையிலும் அவ்வாறே. சொல் யாருடையது, மெட்டு யாருடையது என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதால் இருவருக்கும் நீதி செய்தவராவோம்.

அரண்மனையின் கதை இஃதாக, தெருவின் கதையும் உண்டு. நாஞ்சில் நாட்டு வடிவீசுவரத்தில் 1839இல் பிறந்த நீலகண்ட சிவன், தமிழில் பக்திப் பாடல்கள் பல இயற்றினார். அவை எந்த மன்னரின் ஆணையையும் எதிர்பார்க்கவில்லை. பஜனை கோஷ்டிகள் அவற்றை ஏந்தின. கரமனைத் தெருக்களில் அவை ஒலித்தன. 1890இல் தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்து, தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் வந்து சேர்ந்த ராமையா என்னும் சிறுவன் அவ்வூரின் சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் பயின்றான். பஜனையில் நீலகண்ட சிவனின் பாடல்களைப் பயின்றான். அச்சிறுவனே பிற்காலத்தில் பாபநாசம் சிவன் என்று புகழ் பெற்றார். தமிழில் கீர்த்தனம் பாட வேண்டும் என்ற வேட்கையுடையோர்க்கு அவர் அளித்த செல்வம் எத்தகையது என்பதை நேயர்கள் அறிவர். ஊர் விட்டு வந்த ஓர் ஏழைச் சிறுவன், அயலூரில் வாழ்ந்த தமிழரின் பஜனையிலிருந்து பெற்றதைத் தமிழ்நாடு முழுவதற்கும் பன்மடங்காகத் திருப்பித் தந்தான். இன்று ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு பஜனையின் ஓரத்தில், சப்பளாக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையை நாம் அலட்சியமாக எண்ணலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

பகிர்தலின் அடுத்த படி வானொலி. 1943 மார்ச் 12இல் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்று, 1950 ஏப்ரல் 1 முதல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. சபைக்குக் கட்டணம் செலுத்த இயலாதவரும், சபைக்குள் நுழையத் தயங்கியவரும், அடுப்பங்கரையை விட்டு நகர இயலாதவரும் சங்கீதம் கேட்க வழி பிறந்தது. முன்பு மன்னர் ஒருவருக்காகப் பாடப்பட்ட கீர்த்தனம், கேட்க விரும்பிய எல்லார்க்கும் உரியதாயிற்று.

ஆனால் கேட்கும் உரிமை வேறு. பாடும் உரிமை வேறு. கலைமகளைப் பாடும் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் அமர்ந்து பாடும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. சங்கீதக் கல்லூரி தொடங்கிய காலத்திலேயே அதன் முதல் மாணவியாகச் சேர்ந்து பயின்றவர் பாறசாலை பொன்னம்மாள். பின்னர் அங்கேயே ஆசிரியையாகவும் விளங்கிய அவர், அதே நகரத்தில் வாழ்ந்தும் அம்மண்டபத்தில் பாட 2006ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு அவர் அங்கே பாடிய முதல் பெண்மணியானபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. 2021இல் அவர் மறைந்தார். தேவியைக் குறித்த பாடலைப் பெண்ணின் குரலில் தேவியின் முன் கேட்பதற்கு அவ்வளவு காலம் ஆயிற்று. ஒரு பாடலை மீட்பது என்றால் அதன் மெட்டை மீட்பது மட்டும் அன்று. அதைப் பாடத் தக்கவர் எவருக்கும் கதவைத் திறப்பதும் அதனுள் அடங்கும்.

அயல் மாநிலங்களில் வாழும் நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ள வேண்டுவது யாது? நம் வீடுகளிலும் ஏடுகள் உறங்குகின்றன. பாட்டி பாடும் கும்மிப் பாட்டு, நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, ஊர்த் தெய்வத்தைப் போற்றும் சிந்து ஆகியவற்றுள் பல எந்த நூலிலும் இல்லை. பேரக் குழந்தைகள் வேற்று மொழியில் பயில்கின்றனர். பாட்டியின் சொற்கள் அவர்களுக்குப் பாதி விளங்குவதில்லை. அரண்மனை ஆதரவு பெற்ற பாடல்களே மெட்டிழந்தன என்றால், ஆதரவற்ற இவற்றின் கதி என்னாகும்?

பரிகாரம் கடினமானதன்று. சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். யார் கற்பித்தது, எந்த ஊரில், எந்தச் சடங்கில் பாடியது என்பவற்றையும் உடன் குறிக்கலாம். கையிலுள்ள கைப்பேசியில் பாட்டியின் குரலையே பதிவு செய்யலாம். பதிவு செய்த பின், அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல், வீட்டில் ஒருவரேனும் அப்பாடலை வாய்விட்டுப் பாடக் கற்றுக்கொள்ளல் வேண்டும். ஏட்டில் இருந்தது மட்டும் போதவில்லை என்பதை மன்னரின் கீர்த்தனங்கள் நமக்குக் காட்டிவிட்டன. ஆகவே, அடுத்த பண்டிகைக்கு வீட்டார் கூடும்போது, மூத்தவர் ஒருவரை அமர்த்தி ஒரு பாட்டைப் பாடச் சொல்லுங்கள். சிறியவர் ஒருவரை அருகில் அமர்த்தி அதனைத் திரும்பப் பாடச் சொல்லுங்கள்.