வாய்க்கு வெளியே வந்த படம்

கொடுப்பில் புகையிலையை அடக்கிப் பழகிய பெரியவரிடம் பல் டாக்டர், "நல்லா ஆ காட்டுங்கய்யா" என்கிறார். பெரியவர் காட்டுகிறார், இரண்டு விரல் நுழையுமா என்பதே சந்தேகம். புகையிலையோடு சேர்த்து மென்ற பாக்கு, கன்னத்தின் உட்பக்கத்தை நார்நாராக இறுக்கிவிட்டது. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இந்த நோயைப் பதிவுசெய்தபோது, அவர் பார்த்திருந்தது கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களை. இப்படிப் பூட்டிக்கொண்ட வாய்க்குள் எக்ஸ்ரே ஃபிலிமை எப்படிச் செருகுவது?

செருகவே வேண்டாம் என்ற பதில் ஏறக்குறைய அதே காலத்தில் பின்லாந்தில் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கும் பாக்கு, புகையிலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பல் எக்ஸ்ரேயின் ஆரம்பமே வாய்க்குள் எதையாவது திணிப்பதுதான். 1895 நவம்பரில் ராண்ட்கன் புதிய கதிரைக் கண்டார். அந்தச் செய்தி வெளியாகிச் சில வாரங்களுக்குள், 1896 ஜனவரியில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் ஒரு புகைப்படக் கண்ணாடித் தகட்டுத் துண்டைக் கறுப்புத் தாளிலும் ரப்பரிலும் சுற்றித் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். 25 நிமிடம். கிடைத்தது மங்கலான பல் வரிசை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் இதையே அன்றாடத் தொழிலாக்கினார். கதிருக்குத் தன் கையையே காட்டிக் காட்டி விரல்களை இழந்தார், பிறகு கையை இழந்தார், 1928-இல் தன்னையே முடித்துக்கொண்டார். இன்று படம் எடுக்கும்போது ஊழியர் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைக் கேலி செய்கிறவர்கள் கெல்ஸை நினைத்துக்கொள்ளலாம்.

தாடை வளைந்தது, ஃபிலிமோ தட்டை. சிறு ஃபிலிமில் இரண்டு மூன்று பல்தான் விழும். முழு வரிசையையும் ஒரே படத்தில் பிடிக்க 1933-இல் ஜப்பானின் நுமாத்தா, வளைத்த ஃபிலிமைப் பற்களுக்கு உட்புறம் வைத்து எக்ஸ்ரே குழாயை வெளியே சுற்றவிட்டார். ஹெல்சிங்கியில் இர்யோ பாட்டெரோவும் 1940-களில் அப்படித்தான் தொடங்கினார். பிறகு அவர் செய்த காரியம்தான் இந்தக் கதையின் உயிர்: ஃபிலிமை வாய்க்கு வெளியே கொண்டுவந்தார். கதிரை ஒரு மெல்லிய இடுக்கு வழியாக மட்டும் விட்டு, ஃபிலிமையும் ஒத்த வேகத்தில் நகர்த்தினால், பல் வரிசை இருக்கும் வளைவு மட்டும் துல்லியமாக விழும். முன்னும் பின்னும் உள்ளவை கலங்கி மறையும். முதலில் ஆளைத்தான் சுற்றவைத்தார்கள். பின்னால் வந்த கருவிகளில் ஆள் நிற்க, பிரகாரம் சுற்றுவதுபோல் குழாய் ஒரு பக்கமும் ஃபிலிம் எதிர்ப்பக்கமுமாகத் தலையை வலம் வருகின்றன. ஆர்த்தோபேண்டோமோகிராஃப் என்று நீளமாகப் பெயர் வைத்தார்கள். நம்மூரில் அது ஓபிஜி.

ஓபிஜியில் பல்லைத் தேடியவர்கள் கண்ணில் வேறொன்றும் பட்டது. கீழ்த்தாடையின் அடிவிளிம்பில் வேட்டிக்கரை போல ஓடும் வெள்ளைப் பட்டை, அதாவது கெட்டி எலும்பு. மறுபடியும் பின்லாந்துதான். 1994-இல் கிளெமெட்டியும் சகாக்களும், மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்வை அறிய இந்தப் பட்டையின் உள்விளிம்பை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: வழவழப்பாக இருப்பது, பிறை பிறையாகக் கொறித்தது போலிருப்பது, கரையான் அரித்த சட்டம்போல் பொத்தலானது. பட்டையின் தடிமனை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஓபிஜி உருவத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியே காட்டும், அதுவும் கருவிக்குக் கருவி மாறும். அதற்கு 1991-இலேயே பென்சன் குழுவினர் ஒரு வழி கண்டிருந்தார்கள். கீழ்த்தாடை முன்கடைவாய்ப் பல்லின் வேருக்கு அடியில் நரம்பு வெளிவரும் துளை இருக்கிறதல்லவா, அதிலிருந்து அடிவிளிம்பு வரை உள்ள தூரத்தால் பட்டையின் தடிமனை வகுத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே அளவு பெருத்திருப்பதால் பெருக்கம் அடிபட்டுப்போகிறது. சுமார் 0.3-க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம். அடுப்படிக் கணக்கு மாதிரி எளிமை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்த அளவுகோல்களைத்தான் இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் புகையிலை மெல்பவர்களின் படத்தின்மேலும் வைத்துப் பார்த்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், எலும்பு கட்டும் செல்களின் வேலையைத் தடுக்கும். புகையிலை உருண்டையை அடக்கும் பக்கத்தில் ஈறு இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பும் கரைவது பல் மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. 2016–17 தேசியக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பெரியவர்களில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்தினார்கள். பார்க்கப் படங்களுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. எலும்பின் தாது 30 சதவீதமாவது குறைந்தால்தான் எக்ஸ்ரேயில் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியும். மெல்பவருக்கு வயதும் ஆகியிருக்கும், ஈறு நோயும் இருக்கும், பெண்ணானால் மாதவிடாயும் நின்றிருக்கும். பட்டையை அரித்தது இவற்றில் எது என்று படம் சொல்லாது. வாயில் புற்று வந்திருந்தால் அது எலும்பைத் தொட்டுவிட்டதா என்பதை ஓரளவு காட்டும். அதற்கும் ஸ்கேன் துணை வேண்டும்.

பெரியவரைக் கருவிக்குள் நிற்கவைக்கிறார்கள். மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, முன்பல்லால் கடிக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் குச்சியை நீட்டுகிறார்கள். அந்த அளவுக்கு வாய் அவருக்குத் திறக்கும்.