ஏழு வீட்டுக்கு ஒரு விளக்கு

அமெரிக்காவுல வீடு வாங்குறவங்க கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு இன்ஸ்பெக்டரை வரவழைச்சு வீட்டைச் சோதிச்சுப் பாக்குறது வழக்கம். அவர் வாசல் விளக்கையும் விடமாட்டார். ஸ்விட்ச் போட்டா எரியுதா, சுவத்துல ஆடாம நிக்குதா, மழைத்தண்ணி உள்ள இறங்குமா.. எல்லாத்தையும் குறிச்சுக்குவார். வீட்டுக்காரருக்கு ஷாக் அடிக்கக் கூடாது, அவ்ளோதான் கவலை.

ஆனா வாசல் விளக்கு எரியுதான்னு பாக்குற வேலை கரண்ட்டு வர்றதுக்குப் பல நூறு வருஷம் முந்தியது. அப்போ அது வீட்டுக்காரருக்காக இல்லீங்க, தெருவுக்காக! லண்டன் மேயரா இருந்த ஹென்றி பார்ட்டன் 1417-லயே, குளிர்கால ராத்திரியில வீட்டுக்கு வெளியே லாந்தர் தொங்கவிடணும்னு உத்தரவு போட்டார். தெரு விளக்கு போட நகராட்சிகிட்ட காசு கிடையாது. மெழுகுவர்த்தி செலவு உங்க தலையில!

இதே யோசனை கடல் தாண்டி நியூயார்க்குக்கும் போச்சு. 1697-ல அந்த ஊர் சபை, குளிர்காலத்துல நிலா இல்லாத ராத்திரிகள்ல வீட்டு முன் ஜன்னல்ல விளக்கு வைக்கணும்னு சொன்னது. கொஞ்ச நாள்லயே அதை மாத்தி, ஏழு வீட்டுக்கு ஒரு வீடு கம்புல லாந்தர் கட்டித் தொங்கவிட்டாப் போதும், செலவை ஏழு பேரும் பங்கு போட்டுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. நம்ம ஊர்ல தெருக்காரங்க சேர்ந்து வசூல் பண்ற மாதிரிதான்.

இதுவரைக்கும் நல்ல கதை. இனிமேதான் நெருடுது.

1712 ஏப்ரல்ல நியூயார்க்கில் அடிமைகள் கிளர்ச்சி செஞ்சாங்க. ஒன்பது வெள்ளைக்காரங்க செத்தாங்க. பதிலுக்கு இருபதுக்கும் மேற்பட்ட அடிமைகளைக் கொன்னாங்க. அடுத்த வருஷம், 1713 மார்ச்சில், அதே ஊர் சபை இன்னொரு விளக்குச் சட்டம் போட்டது. பதினாலு வயசு தாண்டின கறுப்பின, செவ்விந்திய அடிமை யாரும் பொழுது சாஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேல, கையில எரியிற லாந்தர் இல்லாம தனியா தெருவுல நடக்கக் கூடாது!

மெழுகுவர்த்தி ஒண்ணுதான். வாசல்ல தொங்கினது வழியைக் காட்டுச்சு. அடிமை கையில இருந்தது ஆளைக் காட்டிக் கொடுத்துச்சு. வீட்டுக்காரர் விளக்கு வைக்கலைன்னா சில்லறைக் காசு அபராதம். அடிமைகிட்ட விளக்கு இல்லைன்னா ஜெயில், பின்னாடி வந்த சட்டத்துல சவுக்கடி.

1760-கள்ல நியூயார்க் வரி வசூலிச்சுத் தானே தெருவிளக்கு வெச்சுக்கிச்சு. வீட்டுக்காரங்க பாரம் இறங்கிடுச்சு. அடிமை முறை அந்த மாநிலத்துல சட்டப்படி முழுசா ஒழிய 1827 ஜூலை 4 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போ ஆள் நடமாட்டம் தெரிஞ்சா பளிச்சுனு எரியிற சென்சார் விளக்கு வாசலுக்கு வாசல் இருக்கு. அது எரியுதான்னு இன்ஸ்பெக்டர் பாத்து டிக் அடிச்சுடுவார். வர்றவனுக்கு வழி காட்ட எரியுதா, இல்ல வர்றவன் யாருன்னு பாக்க எரியுதா? அந்தக் கேள்விக்கு அவர் ஃபாரத்துல கட்டம் கிடையாது. உங்களுக்கு என்ன தோணுது மக்களே?