உண்ணி மருந்து அமிட்ராஸ் உடம்பில் என்ன செய்கிறது?

மாட்டு உண்ணிக்கு அமிட்ராஸ் 12.5 சதவீத மருந்தைப் பலரும் பயன்படுத்துகிறீர்கள். லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. கலந்து தெளித்தால் உண்ணிகள் பிடி விட்டு உதிரும். மற்ற பூச்சிமருந்துகளோடு சேர்த்துப் பேசினாலும் இது வேலை செய்யும் விதமே வேறு.

வெறிநாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கும், கண்மணி விரியும். அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற சுரப்புகள் செய்யும் வேலை அது. இவை வந்து ஒட்டும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். பீட்டா 1 ஏற்பி இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும். ஆல்பா 1 இரத்தக் குழாயைச் சுருக்கும். ஆல்பா 2 வண்டியின் பிரேக் மாதிரி: நார்அட்ரினலின் சுரப்பதையே குறைத்துவிடும். மனிதர், கால்நடை உடம்பில் அமிட்ராஸ் மிதிப்பது இந்தப் பிரேக்கைத்தான். உண்ணியிடம் அட்ரினலினுக்குப் பதிலாக ஆக்டோபமைன் என்ற பொருள் உண்டு. அதன் ஏற்பியை அமிட்ராஸ் விடாமல் தூண்டுவதால் உண்ணி நிலைகொள்ளாமல் கீழே விழுகிறது.

சரியான அளவில் தெளித்தால் மாடு தாங்கும். அளவு கூடினாலோ, மாடு நக்கிக் குடித்தாலோ சோர்ந்து படுக்கும், அசை போடாது, வயிறு உப்பும். அதனால் தெளிக்கும் முன் வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள். குதிரை, கழுதைக்கு இந்த மருந்து கூடவே கூடாது. குடல் ஓட்டம் நின்று வயிற்றுவலியில் துடிக்கும். பூனைக்கும் நாய்க்குட்டிக்கும் தெளிக்காதீர்கள்.

மாட்டை மயக்கக் கால்நடை மருத்துவர் போடும் சைலசின் ஊசியும் இதே ஆல்பா 2 வகைதான். குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும், அவ்வளவு சீக்கிரம் மாடு மயங்கும். எனவே மருந்து தெளித்த மாட்டுக்கு ஊசி போட வேண்டி வந்தால், தெளித்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

மனிதர் தெரியாமல் குடித்துவிட்டால் அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் தூக்கம் போல மயக்கம் வரும். வாந்தி, நாடித் துடிப்பு குறைவு, இரத்த அழுத்தம் குறைவு, கண்மணி சுருங்குதல், மூச்சு மந்தம் ஆகியவையும் வரலாம். சர்க்கரையும் ஏறும். கண்மணி சுருக்கமும் மெதுவான நாடியும் ஆர்கனோபாஸ்பேட் மருந்து குடித்தவருக்கும் வரும் என்பதால் இரண்டும் குழம்பிப்போகிறது. ஆர்கனோபாஸ்பேட் என்றால் எச்சில், வியர்வை, கண்ணீர் ஊற்றும், சதை துடிக்கும். அதற்கு அட்ரோபின் திரும்பத் திரும்பத் தேவை. அமிட்ராஸில் பெரும்பாலும் வாய் உலரும். நாடி மிகவும் குறைந்தால் மட்டுமே அட்ரோபின் உதவும். மனிதருக்கு இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காத்துவந்தால் பெரும்பாலோர் ஓரிரு நாளில் தெளிந்துவிடுவார்கள்.

ஆகவே 108-ஐ அழைத்து, மருந்துப் பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து என்று மருத்துவர் ஊகிப்பதைவிட லேபிளைப் படிப்பது எவ்வளவோ மேல். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தில் கலந்துள்ள கரைப்பான் நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். தோலில் கொட்டினால் சட்டையைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. லேபிள் உள்ள பாட்டிலிலேயே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தெளித்த பின் பாலை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதும் அந்த லேபிளில்தான் இருக்கும். தெளித்த மாடு சோர்ந்து படுத்தால் 1962-ஐ அழையுங்கள். ஆல்பா 2 பிரேக்கை விடுவிக்கும் ஊசி கால்நடை மருத்துவத்தில் உண்டு.