நித்தியகல்யாணியின் இரு முகங்கள்

குளச்சல் என்றவுடன், 1741-ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை வென்ற போரே மாணவர்களாகிய உங்கள் நினைவுக்கு வரும். அவ்வூர்ப் பக்கத்து மணற்பாங்கான முற்றங்களில் பூத்து நிற்கும் நித்தியகல்யாணிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதையே இன்று கூற விரும்புகிறேன்.

மடகாஸ்கர் தீவு இதன் தாயகம். ஆண்டு முழுவதும் பூப்பதால் நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்பதும் இதற்குரிய பெயரே. நீரிழிவுக்கு மருந்தெனக் கருதப்பட்ட இதன் இலைகள், 1952-இல் ஜமைக்காவிலிருந்து கனடா நாட்டு ஆய்வாளர் ராபர்ட் நோபிளிடம் சேர்ந்தன. ஆய்ந்தபோது சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்களே குறைந்தன. வெள்ளணுக்கள் பெருகும் புற்றுநோய்க்கு இது உதவாதோ என்னும் எண்ணம் பிறந்தது. 1958-இல் அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் பற்றிய செய்தியை வெளியிட்டனர். பின்னர் வின்கிரிஸ்டினும் கிடைத்தது. உயிரணு இரண்டாகப் பிரிவதைத் தடுப்பதே இவற்றின் தொழில்.

1981-இல் அமெரிக்க இளைஞர் சிலரிடம் காப்போசி சார்கோமா என்னும் அரிய புற்றுநோய் தோன்றியது. எய்ட்ஸ் உலகுக்குத் தெரியவந்தது அக்காலத்திலேதான். நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமியை 1986-இல் முதன்முதல் கண்டறிந்தவர்கள், சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ஆவர்.

காப்போசி சார்கோமா நாளங்களின் உட்சுவரைச் சார்ந்து வளர்வது. அதற்கு வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின், ஜப்பானியர் கண்டுபிடித்த பிளியோமைசின் ஆகியவற்றை அளித்தனர். கட்டிகள் சுருங்கின. ஆயினும் நோயற்ற நாளங்களையும் இம்மருந்துகள் விட்டுவைக்கவில்லை. வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் ஊசி வழியே சிரையைவிட்டு வெளியே கசிந்தால் தசை புண்ணாகும். பிளியோமைசின் பெற்ற சிலருக்குக் குளிர் பட்டதும் விரல் நாளங்கள் இறுகி, விரல்கள் வெளுத்து, பின் நீலம் பாய்ந்தன. அரிதாக விரல் நுனி அழுகியதும் உண்டு. விரல் வெளுக்கும் இக்குறியை 1862-இலேயே பிரான்சு நாட்டு மருத்துவர் மொரீசு ரேனோ விவரித்திருந்தார்.

ஆகவே மருத்துவர் அளவை வரையறுத்து, விரல்களையும் கவனித்து வந்தனர். பிற்காலத்தில் எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துகள் வந்தபின், அவற்றாலேயே பலருக்குக் கட்டிகள் சுருங்கின. இந்தியாவில் அம்மருந்துகளை 2004 முதல் அரசு இலவசமாக வழங்கி வருகிறது.

மாணவர்களே, மருந்தாகும் செடியாயிற்றே என்று நித்தியகல்யாணி இலையை மென்றுவிடாதீர்கள், அது நஞ்சு. அந்த நஞ்சை அளந்து மருந்தாக்கியது ஆராய்ச்சி. அளந்த பின்னும் அதன் தீங்கை மறைக்காமல் எழுதிவைத்த மருத்துவர்களால்தான், அடுத்து வந்த நோயாளிகளின் விரல்கள் காக்கப்பட்டன.